ஓத்ராந்தோ: யானைகள் சுமக்கும் மரம்

ஒட்டோமான் தளபதி கெதிக் அகமது பாஷாவின் கப்பல்கள் தென் இத்தாலியின் ஓத்ராந்தோ கரையை நெருங்கியதோடு சென்ற வாரம் நிறுத்தினோம். 1480, ஜூலை 28. இரண்டே வாரத்தில் கோட்டை விழப்போகிறது. ஆனால் ஊர் மக்கள் அடைக்கலம் புகுந்த பேராலயத்தின் தரையைப் பார்க்காமல் அந்தக் கதைக்குள் போக எனக்கு மனம் வரவில்லை.

ஆலயம் 1088-ல் அர்ச்சிக்கப்பட்டது. தரை முழுக்க விரிந்திருக்கும் மொசைக், 1163-க்கும் 1165-க்கும் இடையில் பந்தலேயோனே என்ற துறவி பதித்தது. தன் பெயரையும் அதிலேயே பொறித்துவிட்டுப் போயிருக்கிறார். வாசலைத் தாண்டியதும் இரண்டு யானைகள். அவற்றின் முதுகிலிருந்து கிளம்பும் ஒரு பெருமரம் பீடத்தை நோக்கி நீள்கிறது. கிளைகளின் ஊடே நோவாவின் பேழை, பாபேல் கோபுரம். பன்னிரண்டு வட்டங்களில் பன்னிரண்டு மாதங்கள்; ஒவ்வொன்றிலும் ராசியும் அந்த மாதத்து வேலையும்.

இவையெல்லாம் ஆலயத்தில் இருக்கக்கூடியவைதான். அலெக்சாந்தருக்கு இங்கே என்ன வேலை? கழுகுத் தலையும் சிங்க உடலும் கொண்ட இரண்டு கிரிஃபின்கள் அவரை வானத்துக்குத் தூக்கிப் போகின்றன. கோலில் குத்திய இறைச்சியைத் தலைக்கு மேலே காட்டினால் அவை அதை எட்டப் பறந்துகொண்டே இருக்குமாம், பழங்கதை. இன்னோரிடத்தில் ஆர்தர் ராஜா, ஆடு போன்ற ஒரு விலங்கின் மேல். எதிரே ஒரு பூனை!

அப்போது இந்த ஊரை ஆண்டவர்கள் வடக்கேயிருந்து வந்த நார்மன்கள். பக்கத்துக் காசோலே மடத்தில் கிரேக்கத் துறவிகள். பந்தலேயோனேயும் அந்த மடத்தவர் என்பார்கள். கிழக்கே போகும் கப்பல்களுக்கு இது துறைமுகம். கரையேறிய கதை எதையும் அந்த மனிதர் அந்நியம் என்று ஒதுக்கவில்லை. இந்த ஊரின் நாயகன் யார் என்று கேட்டால் எந்த அரசனையும் சொல்லமாட்டேன், இவரைத்தான் சொல்வேன்.

வில்லன்? பாஷாவைக் கைகாட்டுவது சுலபம். காசோலே மடமும் அதன் நூலகமும் அழிந்தது அவர் படையால்தான். ஆனால் நேப்பிள்ஸ் அரசர் ஃபெர்ரான்தேயை நான் விடுவதாயில்லை. அல்பேனியக் கரையில் எதிரி நிற்க, அவர் மகன் அல்ஃபோன்சோ படையோடு தொலைவில் தொஸ்கானாவில் இருந்தார். ஓத்ராந்தோவைக் காக்க மிஞ்சியது சிறு காவல்படையும் ஊர்ச் சனமும்தான்.

ஆகஸ்ட் 11-ல் மதில் உடைந்தது. மூன்றாம் நாள் மினெர்வா குன்றில் முதல் தலையைக் கொடுத்த தையற்காரர் அந்தோனியோ பிரிமால்தோவை அடுத்த வாரம் சந்திப்போம்.

(தொடரும்)