மிச்சிகன் நுகர்வோர் மனநிலைக் குறியீடு

அமெரிக்கக் குடும்பங்கள் தங்கள் வரவு செலவையும் நாட்டின் பொருளாதாரத்தையும் எந்த மனநிலையோடு பார்க்கின்றன என்பதை மாதந்தோறும் எண்ணில் சொல்லும் அளவீடு. மிச்சிகன் பல்கலைக்கழகம் வெளியிடுகிறது.

இதன் மூலவர் ஜார்ஜ் கட்டோனா (1901–1981). புடாபெஸ்ட்டில் பிறந்து, ஹிட்லர் பதவிக்கு வந்ததும் ஜெர்மனியை விட்டு வெளியேறிய உளவியலாளர். இரண்டாம் உலகப் போர் முடிந்தபோது மக்கள் கையில் சேமிப்பு எவ்வளவு என்று தெரிந்துகொள்ள அமெரிக்க மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் விரும்பியது. அது கேட்டது தொகையை மட்டும்தான். முன்பின் தெரியாதவர் வாசலில் நின்று பணக்கணக்குக் கேட்டால் யார் சொல்வார்கள்? ஆகவே பேச்சுக் கொடுப்பதற்காக, குடும்ப நிலைமை எப்படி, வரும் ஆண்டு எப்படி இருக்கும் என்ற கேள்விகளை, கணக்கெடுப்பை நடத்திய கட்டோனா முன்னால் வைத்தார். காலத்தில் நிலைத்தவை அந்தக் கேள்விகளே. போருக்குப் பின் மந்தம் வரும் என்று பொருளியலாளர் பலர் அஞ்சிய 1946-இல், மக்கள் வாங்கத் தயாராக இருப்பதை இந்தக் கணக்கெடுப்பு காட்டியது, நடந்ததும் அதுவே.

1952-இல் குறியீடு உருவானது. கேள்விகள் ஐந்து: சென்ற ஆண்டோடு ஒப்பிட்டால் குடும்ப நிலைமை, அடுத்த ஆண்டில் அது, நாட்டின் ஓராண்டு நிலவரம், ஐந்தாண்டு நிலவரம், வீட்டுக்குப் பெரிய சாமான் வாங்க இது நல்ல நேரமா என்பது. ஒவ்வொன்றிலும் நல்லது என்பவர் சதவீதத்திலிருந்து கெட்டது என்பவர் சதவீதத்தைக் கழித்து 100 கூட்டுவார்கள். ஒப்பீட்டு ஆண்டு 1966; அதன் மதிப்பு 100. மாதாந்தர வெளியீடு 1978 முதல். 1967-இல் தொடங்கிய கான்ஃபரன்ஸ் போர்டு என்ற வணிக ஆய்வு அமைப்பின் போட்டிக் குறியீடு வேலைவாய்ப்புக்குக் கூடுதல் இடம் தருவதால், இரண்டும் சில வேளைகளில் எதிரெதிராகப் போவதுண்டு.

2000 ஜனவரியில் 112 வரை ஏறிய எண், நிதி நெருக்கடியில் 2008 நவம்பரில் 55.3-க்குச் சரிந்தது. 2022 ஜூனில் 50.0, அதுவரை காணாத வீழ்ச்சி. இதுதான் வியப்புக்குரியது. அப்போது வேலையின்மை 4 சதவீதத்துக்கும் கீழே, பணவீக்கமோ 9.1 சதவீதம். விலைவாசியைத் திட்டிக்கொண்டே மக்கள் செலவழித்தார்கள். மனநிலை வாங்கும் முடிவை முன்கூட்டியே காட்டும் என்ற கட்டோனாவின் அடிப்படைக் கருத்து இங்கே ஆட்டம் கண்டது.

கட்சி அரசியலும் இதில் புகுந்துவிட்டது. 2016, 2020, 2024 அதிபர் தேர்தல்கள் முடிந்த கையோடு, வென்ற கட்சிக்காரர்களின் எண் ஏறியது, தோற்றவர்களுடையது இறங்கியது. அவர்கள் கடையில் செலவழித்த பணத்தில் அந்த அளவுக்கு மாற்றம் இல்லை.