சாம்பல் நிறத்தை அச்சேற்றியவர்

சென்ற வாரம் தஞ்சைப் பெரிய கோயிலில் நின்றோம். 1858-ல் புகைப்படக்காரர் லினேயஸ் டிரைப் அங்கே விமானத்தின் அடித்தளக் கல்வெட்டை 21 நெகடிவ்களில் பிடித்து, ஒட்டிச் சேர்த்து, ஏறக்குறைய 19 அடி நீளப் படமாக்கினார். அத்தகைய படங்களைப் புத்தகத்தில் சேர்க்க அன்று என்ன வழி? ஒவ்வொரு பிரதியையும் வெயிலில் வைத்துப் படியெடுத்து, பசை தடவி ஒட்டுவார்கள். இல்லையென்றால் மரச்செதுக்குக்காரர் அதைப் பார்த்துக் கோடு கோடாகக் கட்டையில் வெட்டுவார். அப்புறம் அது அவருடைய படம்!

சிக்கல் எங்கே என்று பார்க்க டெல்லி லோதி ரோட்டுக்குப் போனால் போதும். அங்குள்ள தோட்டத்தில் 1517-ல் இறந்த சிக்கந்தர் லோதியின் கல்லறை இருக்கிறது. மாலை வெயிலில் அதன் கும்மட்டம் ஒரு பக்கம் பளீரென்று இருக்கும், மறுபக்கம் இருண்டிருக்கும். நடுவே எத்தனை சாம்பல்கள்! புகைப்படத்தில் அத்தனையும் விழும். ஆனால் அச்சு மைக்குத் தெரிந்தது கறுப்பு ஒன்றுதான்.

சாம்பலைப் புள்ளிகளாக உடைப்பதுதான் ஹாஃப்டோன். குறுக்கும் நெடுக்குமாக மெல்லிய கோடுகள் கீறிய கண்ணாடித் திரையை, கேமராவுக்குள் நெகடிவ் தகட்டுக்குச் சற்று முன்னால் நிறுத்துவார்கள். செய்தித்தாளுக்கு அங்குலத்துக்கு 65, 85 கோடுகள். வழவழப்பான தாளுக்கு 133, 150. அந்த நெகடிவை, பைகுரோமேட் கலந்த பசை பூசிய செப்புத் தகட்டின் மேல் வைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி பட்ட பசை இறுகும். மீதியைத் தண்ணீர் கழுவிவிடும். பிறகு தகட்டைச் சூடாக்கி, ஃபெரிக் குளோரைடில் அரிக்கவிட்டால் பிளாக் தயார். நிழலில் புள்ளி பெரிது, வெளிச்சத்தில் சிறிது. மற்றதைக் கண் பார்த்துக்கொள்ளும்.

திரைக்கும் தகட்டுக்கும் எவ்வளவு இடைவெளி விடுவது? லென்ஸ் துளை எத்தனை பெரிது? இதில்தான் ஐரோப்பியப் பட்டறைக்காரர்களே கைப்பழக்கத்தை நம்பியிருந்தார்கள். அதைக் கணக்காக்க உட்கார்ந்தவர்களில் ஒருவர் கல்கத்தாவில் இருந்தார். உபேந்திரகிஷோர் ராய் சௌத்ரி, 1863-ல் பிறந்தவர், குழந்தை எழுத்தாளர், வயலின்காரர். பிள்ளைகளுக்காக எழுதிய இராமாயணத்துக்குத் தானே வரைந்த படங்களை மரக்கட்டை அச்சு பாழாக்கியது அவருக்குப் பொறுக்கவில்லை என்பார்கள். 1895 வாக்கில் லண்டன் பென்ரோஸ் கம்பெனியிலிருந்து கருவிகளை வரவழைத்து, சொந்தமாகப் பிளாக் செய்யத் தொடங்கினார். கடல் கடந்து போனதே இல்லை. புத்தகமும் சோதனையும்தான் ஆசிரியர்.

திரையின் ஒவ்வொரு கட்டமும் ஓர் ஊசித்துளைக் கேமரா போல வேலை செய்கிறது, லென்ஸ் துளையின் உருவத்தையே அது தகட்டில் விழச்செய்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டார். அப்படியானால் துளையின் வடிவத்தை மாற்றினால் புள்ளியும் மாறும். இடைவெளியை ஊகிக்க வேண்டாம், கணிக்கலாம். ஒரே படத்துக்குப் பல துளைகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, கோடுகள் 60 பாகையில் வெட்டிக்கொள்ளும் திரை என்று சோதனை நீண்டது. 1897 முதல் 1912 வரை இவற்றையெல்லாம் பென்ரோஸ் ஆண்டு மலரில் கட்டுரைகளாக எழுதினார். ஒரு குடிமைப்பட்ட நாட்டுக்காரர், தொழில் பிறந்த நாட்டினருக்கே தொழிலின் கணக்கைச் சொல்லிக்கொடுத்தார் என்பதுதான் இதில் எனக்கு ருசியான இடம்.

‘பிரபாசி’, ‘மாடர்ன் ரிவ்யூ’ இதழ்களின் வண்ணப் படங்களுக்கு அவருடைய பட்டறை பிளாக் செய்தது. 1911-ல் மகன் சுகுமார் இந்தக் கலையைப் படிக்க லண்டன் போனார். பள்ளியில் அப்பாவின் பல துளை முறையை விளக்கிக் காட்டினார். 1913-ல் அப்பா ‘சந்தேஷ்’ என்ற சிறுவர் இதழைத் தொடங்கினார், தன் படங்களுக்குத் தன் பிளாக்குகளுடனேயே. சுகுமாரின் மகன்தான் சத்யஜித் ராய்.

காலத்தால் உபேந்திரகிஷோருக்கு மூத்தவர் ஒருவர் அதே கல்கத்தாவில், சர்வே அலுவலகத்தில் இருந்தார்: ராணுவ அதிகாரி ஜேம்ஸ் வாட்டர்ஹவுஸ். அவருடைய வரைபடங்களும் துத்தநாகத் தகடுகளும் அடுத்த வாரம்.

(தொடரும்)