வெலிப்: பாரிஸ் நகரின் பொது மிதிவண்டிச் சேவை

வெலிப் என்பது பிரான்சின் தலைநகர் பாரிசிலும் அதைச் சூழ்ந்த நகராட்சிகளிலும் நடைபெறும் பொது மிதிவண்டிச் சேவை. ஒரு நிலையத்தில் எடுக்கும் வண்டியை, போகும் இடத்துக்கு அருகிலுள்ள வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம். இரவும் பகலும் இயங்குவதால், மெட்ரோ நின்ற பிறகும் இது கைகொடுக்கிறது. சில நாள் தங்கிச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கும் குறுகிய காலச் சீட்டுகள் உண்டு.

வரலாறு

பிரான்சில் லா ரொஷெல் நகரம் 1970-களிலேயே மக்களுக்கு மஞ்சள் நிற மிதிவண்டிகளை வழங்கியது. லியோன் நகரில் 2005-ல் தொடங்கிய சேவை பெற்ற வெற்றியைத் தொடர்ந்து, மேயர் பெர்ட்ரான் தெலனொய் காலத்தில், 2007 ஜூலை 15 அன்று பாரிசில் வெலிப் தொடங்கியது. விளம்பர நிறுவனமான ஜேசிதெக்கோ இதை நடத்தியது. 2018 ஜனவரியில் பொறுப்பு ஸ்மொவெங்கோ நிறுவனத்துக்கு மாறியது. பல நிலையங்கள் உரிய நேரத்தில் தயாராகாததால், அந்த ஆண்டு பயனாளர்கள் பெரிதும் அவதிப்பட்டனர். மின்வண்டிகள் சேர்ந்ததும் இந்த மாற்றத்தின்போதுதான்.

வண்டிகளும் நிலையங்களும்

பச்சை வண்டி சாதாரண மிதிவண்டி. நீல வண்டி மின்விசை உதவியுடன் ஓடுவது. எந்த நிலையத்தில் எத்தனை வண்டிகள், எத்தனை காலி இடங்கள் உள்ளன என்பதைச் செயலி காட்டும். மொன்மார்த்ர் போன்ற மேடுகளிலிருந்து பலரும் வண்டியில் இறங்கிவிடுவார்கள். ஏறி வருவோர் குறைவு. அதனால் மேட்டு நிலையங்கள் காலியாகின்றன, பள்ளத்து நிலையங்கள் நிரம்புகின்றன. ஊழியர்கள் வண்டிகளை வாகனங்களில் ஏற்றிச் சென்று இதைச் சமன் செய்கின்றனர்.

பயணிகள் பயன்படுத்தும் முறை

செயலியிலோ இணையதளத்திலோ சீட்டு வாங்கலாம். வங்கி அட்டையில் முன்வைப்புத் தொகைக்கான ஒப்புதல் பெறப்படும். வண்டி திரும்பி வராவிட்டால் அந்தப் பணம் எடுக்கப்படலாம். குறைந்தபட்ச வயது 14.

எடுக்கும் முன் பிரேக், டயர், சங்கிலி மூன்றையும் பார்க்க வேண்டும். இருக்கை பின்புறமாகத் திருப்பி வைக்கப்பட்டிருந்தால் அந்த வண்டி பழுது என்று பொருள். அடுத்தவர் ஏமாறக் கூடாது என்று பாரிஸ்வாசிகள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட அருமையான வழக்கம் இது. வழியில் கடைக்குச் செல்ல வேண்டுமானால், கைப்பிடிக்குள் இருக்கும் கம்பிப்பூட்டால் வண்டியைப் பூட்டிக்கொள்ளலாம்.

திருப்பி விடும்போது கைப்பிடி நடுவிலுள்ள சிறு திரையில் ‘ஸ்டாப்’ என்று தோன்றி, இரண்டு முறை ஒலி கேட்க வேண்டும். அதற்கு முன் நகர்ந்துவிட்டால் வண்டி இன்னும் நம் கணக்கிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். நேரம் கூடக் கூடக் கட்டணமும் ஏறும்.

சாலை விதிகள்

பிரான்சில் சாலையின் வலப்புறமாகச் செல்ல வேண்டும். இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் வருபவர்கள் திருப்பங்களில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். நடைபாதையில் ஓட்டுவதும், காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு ஓட்டுவதும் குற்றம். இரண்டுக்கும் அபராதம் 135 யூரோ. சிவப்பு விளக்கின் கீழ் மஞ்சள் மிதிவண்டிப் படமும் அம்புக்குறியும் கொண்ட முக்கோணப் பலகை இருந்தால், மற்றவர்களுக்கு வழிவிட்டு அம்பு காட்டும் திசையில் போகலாம்.

மதிப்பீடு

புதிதாக ஓட்டுபவர்களுக்கு, கார்கள் விலக்கப்பட்ட சீன் நதியின் வலக்கரைச் சாலையும், அகலமான மிதிவண்டித் தடம் கொண்ட ரிவோலி தெருவும் ஏற்றவை. ஒரே வண்டியை நாள் முழுக்க வைத்துக்கொள்ள விரும்புவோருக்கு வாடகைக் கடையே சிக்கனம். குறுகிய தூரங்களை நிலையம் விட்டு நிலையமாகக் கடப்பவர்களுக்கு, பாரிசைத் தரைமட்டத்தில் பார்த்துச் செல்ல வெலிப்பை விடச் சிறந்த வழி குறைவு.