வருகைப் பதிவேட்டில் குலதெய்வங்கள்

மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று சங்கத்தார் கேட்டார்கள். மன்னர்களைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நாம் நம்ம பசங்க பெயர்களைப் பற்றி எழுதுவோமே என்று தோன்றியது.

நான் வரலாற்றுத் துறையில் படித்த 1974-77 காலத்து வருகைப் பதிவேட்டை நினைத்துப் பார்க்கிறேன். இசக்கிமுத்து, இசக்கியப்பன், சுடலைமுத்து, சுடலையாண்டி, மாரியப்பன், மாரிமுத்து, பேச்சிமுத்து, சொரிமுத்து என்று வரிசையாக வரும். விடுதி வராந்தாவில் நின்று "ஏலே இசக்கி" என்று கூப்பிட்டால் நாலு தலை திரும்பும். முருகன், கண்ணன் பெயர்களின் கதை எல்லோருக்கும் தெரியும். இந்தப் பெயர்களின் கதைதான் பலருக்குத் தெரியாது.

இசக்கி என்பது இயக்கி என்ற சொல்லின் திரிபு. இயக்கி என்பது வடமொழி யட்சி. சிலப்பதிகாரத்தில், மதுரைக்கு வெளியே இயக்கிக்குப் பால்சோறு படைத்துவிட்டுத் திரும்பும் மாதரியிடம்தான் கவுந்தியடிகள் கண்ணகியை அடைக்கலம் தருகிறார். சமணத்தில் ஒவ்வொரு தீர்த்தங்கரருக்கும் ஓர் இயக்கி உண்டு. 22ஆம் தீர்த்தங்கரரான நேமிநாதரின் இயக்கி அம்பிகா. சடங்குக்குச் சமைத்த சோற்றைத் துறவிக்கு இட்டதற்காக, இரண்டு பிள்ளைகளோடு கணவனால் விரட்டப்பட்டு, பின் தெய்வமானவள் என்பது அவள் கதை. கழுகுமலைப் பாறையில் அவள் சிங்கத்தோடு நிற்பதை இன்றும் பார்க்கலாம். நம்மூர் இசக்கியம்மனும் கையில் பிள்ளையோடுதான் இருக்கிறாள். சமணம் இந்தப் பக்கம் மங்கிப் பல நூற்றாண்டாகிவிட்டது. ஆனால் அந்தச் சொல், வயற்காட்டில் நாற்று நட்டவர்களின் பிள்ளைகள் பெயரில் நம் வகுப்பறை வரை வந்துவிட்டது!

சுடலைமாடன் கதை வில்லுப்பாட்டில் விடிய விடியக் கேட்க வேண்டியது. கைலாயத்தில் பார்வதி பிள்ளை வரம் கேட்க, விளக்கின் கீழ் முந்தானையை ஏந்தச் சொன்னார் சிவன். தெறித்து விழுந்த சுடர் பிள்ளையாயிற்று. அந்தப் பிள்ளை ராத்திரியில் தொட்டிலை விட்டு இறங்கி, சுடுகாட்டில் பிணம் தின்றுவிட்டு வந்து படுத்துக்கொண்டது. தேவலோகத்தில் இனி இடமில்லை என்று பூலோகத்துக்கு அனுப்பிவிட்டார்கள். இங்கே ஊர் எல்லையில் காவல் நிற்கிறார். சாமானியர்களுக்கு மனசுக்கு நெருக்கமான சாமி அவர்.

மாரிமுத்துவில் வரும் 'மாரி' மழையும்தான், அம்மனும்தான். 'முத்து' என்றால் கடல் முத்து மட்டுமல்ல, அம்மை போட்டவர் உடம்பில் எழும் கொப்புளமும் முத்துதான். 'அம்மா முத்துப் போட்டிருக்கா' என்றுதான் ஆச்சிமார் சொல்வார்கள். பிள்ளை பிழைத்தால் உன் பெயரை வைக்கிறேன் என்று நேர்ந்துகொண்ட தாய்மார் எத்தனை பேர்! பெரியம்மை உலகில் ஒழிந்தது என்று 1980இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அந்தப் பயத்தின் சாட்சியாகப் பெயர் மட்டும் நிற்கிறது.

இவ்வளவு இருந்தும் எங்கள் நண்பர்களில் சிலர் இப்பெயர்களுக்காகக் கூச்சப்பட்டார்கள். "சுடலைன்னா சுடுகாடுதானே?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. வேலைக்குப் போனதும் ஒரு நண்பர் அரசிதழில் அறிவிப்புக் கொடுத்துப் பெயரை மாற்றிக்கொண்டார். இன்னொருவர் சுடலையை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டு, முத்துவாக மட்டும் பணி ஓய்வு பெற்றார். அவர்களை நான் குறை சொல்லவில்லை. பெயரைச் சொன்னதும் ஊரையும் சாதியையும் எடைபோடும் நாட்டில் அதற்குக் காரணம் இருக்கத்தான் செய்தது.

ஆனால் வரலாற்று மாணவன் என்ற முறையில் ஒன்று சொல்ல வேண்டும். அரசர்களுக்குக் கல்வெட்டு உண்டு, செப்பேடு உண்டு. நம் பாட்டன் பூட்டிகள் எதை நம்பினார்கள், எதற்குப் பயந்தார்கள் என்பதற்கு அவர்கள் நமக்கு இட்ட பெயரைப் போன்ற ஆவணம் வேறு அதிகம் இல்லை.

இப்போது படிக்கும் தம்பி, தங்கையரே! உங்கள் பெயர் புதுப் பெயராக இருக்கலாம், அதில் தவறில்லை. அடுத்த விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போது தாத்தா பெயரையும் ஆச்சி பெயரையும் கேளுங்கள். ஏன் அந்தப் பெயர் வைத்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சொல்லத் தெரிந்தவர்கள் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள்.