விம்ஆர்சி

விம் என்னும் உரைத்திருத்தி முனையத்தில் திறக்கும் ஒவ்வொரு முறையும் முதலில் படித்து நிறைவேற்றும் கட்டளைக் கோப்பே விம்ஆர்சி. வரி எண் தெரிய வேண்டுமா, டேப் விசையை அழுத்தினால் எத்தனை இடம் நகர வேண்டும், தேடும்போது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகக் கொள்ளலாமா என்பன போன்ற பயனரின் தேர்வுகள் இதில் எழுதப்படும். லினக்ஸ், மேக் கணினிகளில் பயனரின் இல்லக் கோப்புறையில் இது இருக்கும். பெயர் புள்ளியில் தொடங்குவதால் சாதாரணக் கோப்புப் பட்டியலில் கண்ணில் படாது. விண்டோஸில் புள்ளிக்குப் பதிலாக அடிக்கோடு வரும்.

1976இல் பெர்க்லியில் பில் ஜாய் உருவாக்கிய 'வி' திருத்திக்கு எக்ஸ்ஆர்சி என்ற கோப்பு இருந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மோலெனார் 1991இல் அமிகா கணினிக்காக விம்மை வெளியிட்டபோது அந்த மரபும் கூடவே வந்தது. பெயரின் கடைசியில் உள்ள 'ஆர்சி' இன்னும் பழையது. 1960களில் எம்ஐடியின் சிடிஎஸ்எஸ் இயங்குதளத்தில் கட்டளைகளை வரிசையாக ஓட்டிய 'ரன்காம்' என்ற வசதியிலிருந்து அது வந்தது.

அந்தப் பழைய பெயரே இக்கோப்பின் இயல்பையும் சொல்லிவிடுகிறது. விம்ஆர்சி விருப்பங்களின் பட்டியல் அல்ல, மேலிருந்து கீழாக ஓடும் கட்டளைத் தொடர். வரி எண்ணைக் காட்டுவதற்காகத் திருத்திக்குள் முக்காற்புள்ளி இட்டுத் தட்டும் 'செட் நம்பர்' என்ற கட்டளையை அந்தப் புள்ளி இல்லாமல் கோப்பில் எழுதினால் அது நிலைத்துவிடும். ஒரே அமைப்பு இருமுறை வந்தால் பிந்தி வருவதே நிற்கும். 'நம்பர்' போன்ற சில அமைப்புகளுக்கு இருக்கும், இராது என்ற இரண்டு நிலைகளே உண்டு. பெயருக்கு முன்னால் 'நோ' சேர்த்தால் அணைந்துவிடும். மற்றவை எண்ணையோ சொல்லையோ மதிப்பாகக் கொள்ளும். பெயரின் பின்னால் கேள்விக்குறி இட்டால் இப்போதைய மதிப்பு தெரியும்.

புதிதாக வருபவரை அதிகம் குழப்புவது உள்தள்ளல். இதை நான்கு அமைப்புகள் சேர்ந்து ஆள்கின்றன. 'டேப்ஸ்டாப்' கோப்பில் ஏற்கெனவே உள்ள டேப் குறி திரையில் எவ்வளவு அகலமாகத் தெரியும் என்பதைச் சொல்கிறது. அதன் இயல்பு மதிப்பு 8. 'ஷிஃப்ட்விட்த்' ஒரு வரியை உள்ளே தள்ளும்போது நகரும் அளவு. 'சாஃப்ட்டேப்ஸ்டாப்' தட்டெழுதும்போது டேப் விசை நகர்த்தும் அளவு. 'எக்ஸ்பேண்ட்டேப்' டேப் குறிக்குப் பதிலாக இடைவெளிகளை நிரப்புகிறது. டேப்ஸ்டாப்பை மட்டும் 4 ஆக்குபவரின் கோப்பு அவர் திரையில் ஒழுங்காகவும் அடுத்தவர் திரையில் தாறுமாறாகவும் தெரியும். டேப்ஸ்டாப்பை 8 ஆகவே விட்டு மற்ற மூன்றையும் மாற்றுவதே நல்ல வழி.

ஷிஃப்ட்விட்த்தை 2 என்று எழுதி வைத்தும் பைத்தான் கோப்பில் 4 என்றே வரலாம். விம்ஆர்சி ஓடி முடிந்த பிறகு, கோப்பின் வகையை அறிந்து அதற்குரிய செருகுநிரலை விம் படிக்கிறது; பைத்தானுக்கான செருகுநிரல் 4 என்று மாற்றிவிடுகிறது. இப்படி எது எங்கே மாறியது என்று தேடித் தவிப்பவர்கள் அறியாத கட்டளை 'வெர்போஸ் செட்'. அமைப்பின் பெயரையும் கேள்விக்குறியையும் சேர்த்துக் கொடுத்தால், அதைக் கடைசியாக மாற்றிய கோப்பு எது என்று விம் காட்டிக்கொடுக்கும். விம்மில் ஒரே ஒரு கட்டளையைக் கற்றுக்கொடுக்கச் சொன்னால் இதைத்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். கோப்பின் நடுவில் 'ஃபினிஷ்' என்று ஒரு வரி எழுதினால் வாசிப்பு அங்கேயே நின்றுவிடும். அந்த வரியை மேலும் கீழும் நகர்த்தியே கோளாறு எந்தப் பகுதியில் உள்ளது என்று கண்டுபிடிக்கலாம்.

2016இல் வந்த 8.0 பதிப்பு முதல், விம்ஆர்சி இல்லாத பயனருக்கு 'டிஃபால்ட்ஸ்' என்ற கோப்பு தானாக ஏற்றப்படுகிறது. நிறங்காட்டலும், தட்டத் தட்டவே நகரும் தேடலும் அதிலிருந்து வருபவை. பயனர் சொந்தமாக ஒரு விம்ஆர்சி உருவாக்கிய கணமே, அது வெற்றுக் கோப்பாக இருந்தாலும், டிஃபால்ட்ஸ் ஏற்றப்படாது. ஒரு வரி சேர்த்ததும் நிறமெல்லாம் போய்விட்டதே என்று திகைப்பவர்களுக்கு இதுதான் காரணம். விம்ஆர்சியின் முதல் வரியில் 'சோர்ஸ்' கட்டளையால் அந்தக் கோப்பை அழைத்துக்கொண்டால் இழந்தவை திரும்பும்.

திருத்தப்படும் கோப்பும் தன் முதல் அல்லது கடைசி ஐந்து வரிகளுக்குள் சில அமைப்புகளைச் சொல்ல முடியும். 'மோட்லைன்' எனப்படும் இந்த வசதியில் 2019இல் பெரிய ஓட்டை வெளிப்பட்டது: தீய நோக்கில் எழுதிய ஒரு கோப்பைத் திறந்தாலே கணினியில் கட்டளைகள் ஓடக்கூடும் என்று தெரிந்தது. அது உடனே அடைக்கப்பட்டது. ஆனாலும் முன்பின் தெரியாத கோப்புகளைத் திறப்பவர் மோட்லைனை அணைத்து வைப்பதே பாதுகாப்பு.

2014இல் விம்மிலிருந்து கிளைத்த நியோவிம் 'இனிட்' என்ற கோப்பைப் படிக்கிறது; அதை லுவா மொழியிலும் எழுதலாம். மோலெனார் 2023 ஆகஸ்டில் காலமானார். அடுத்த ஆண்டு வந்த 9.1 பதிப்பு அவருக்கே அர்ப்பணிக்கப்பட்டது.

தமிழில் எழுதுபவருக்குப் பயன்படுவது 'கீமேப்' அமைப்பு. கணினியின் விசைப்பலகையையே தமிழுக்கு மாற்றினால் விம்மின் கட்டளை விசைகள் வேலை செய்யாது. ஒரு சொல்லை அழிக்கவும் ஆங்கிலத்துக்குத் திரும்ப வேண்டியிருக்கும். கீமேப் உரையைத் தட்டும்போது மட்டும் தமிழைத் தருகிறது, கட்டளைகள் ஆங்கிலத்திலேயே இருக்கும். விம்முடன் வரும் தமிழ் கீமேப் பழைய டிஸ்கி குறியாக்கத்துக்கானது. யூனிகோட் வேண்டுமென்றால் விம் கோப்புறைக்குள் 'கீமேப்' என்ற உட்கோப்புறை அமைத்து அதில் சொந்தக் கோப்பை வைக்கலாம். 'லோட்கீமேப்' என்ற வரிக்குக் கீழே இடப்புறம் தட்டும் விசைகள், வலப்புறம் வர வேண்டிய தமிழ் எழுத்து என்று வரிக்கு ஒன்றாக எழுதினால் போதும்.