முதுசொம்: காத்தலும் கொடுத்தலும்

முன்னோரிடமிருந்து வழிவழியாக வந்த பொருளை யாழ்ப்பாணத் தமிழர் முதுசொம் என்பர். சொம் என்பது உடைமை. கணவனும் மனைவியும் இல்லறத்தில் ஈட்டியது தேடியதேட்டம்; மணமகள் பிறந்த வீட்டிலிருந்து கொண்டு வருவது சீதனம். பொருள் வந்த வழியை நோக்கி இவ்வாறு வெவ்வேறு பெயரிட்ட சமுதாயம், அப்பொருள் கைவிட்டுப் போகும் வழியையும் எண்ணியிருக்கிறது. அவ்வெண்ணத்தின் வரலாற்றை அறிவதற்கு, தமிழ் மன்னரின் தலைநகராய் விளங்கிய நல்லூரினும் தக்க இடம் வேறில்லை.

ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்துத் திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்சு என்பவர் இந்நாட்டு வழக்கங்களைத் திரட்டி 1707ஆம் ஆண்டில் எழுதி முடித்தார். அதன் தமிழ் மொழிபெயர்ப்பைப் பன்னிரண்டு முதலிமார் பார்த்து ஒப்புக்கொண்டனர். அதுவே தேசவழமை. பின்வந்த ஆங்கிலேயரும் 1806இல் அதனை நிலைநிறுத்தினர். காணியை விற்க விரும்புபவன், உடன் உரித்தாளருக்கும் பங்காளருக்கும் அயற்காணிக்காரருக்கும் முதலில் அறிவித்தல் வேண்டும் என்பது அவ்வழமை. கையில் இருப்பினும் முதுசொம் தனியொருவனுக்கே உரியதன்று என்னும் கருத்து இவ்விதியில் அமைந்து கிடக்கிறது.

ஆயினும் காணிக்கு இருந்த இக்காவல், பெட்டகத்தில் இருந்த ஏட்டுச்சுவடிக்கோ, பாட்டி ஏற்றிய குத்துவிளக்குக்கோ இருந்ததில்லை. அவற்றைக் காத்ததும் கைவிட்டதும் குடும்பத்தாரின் மனமே.

நல்லூர் தன் முதுசொத்தை முதன்முதல் இழந்தது போரினால். 1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாண அரசைக் கைப்பற்றினர். மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டான். 1621இல் கந்தசுவாமி கோயில் இடிக்கப்பட்டது. அரசர் பேணிய சரசுவதி மகால் என்னும் நூல்நிலையம் இங்கே இருந்ததென்று மரபு கூறும். அதன் ஏடுகளில் ஒன்றும் இன்று நமக்கு எஞ்சவில்லை. ஓரிடத்தில் குவித்து வைத்த செல்வம் ஒரே அடியில் அழியும் என்பது அன்று கிடைத்த பாடம்.

அரசு வீழ்ந்தபின் கல்வி வீடுகளில் வாழ்ந்தது. வைத்தியம், சோதிடம், புராணம் ஆகிய சுவடிகள் தந்தையிடமிருந்து மைந்தனுக்குச் சென்றன. ஓலைக்கு ஆயுள் உண்டு. கறையான் அரிக்கும், இராமபாணப் பூச்சி துளைக்கும், ஓரம் ஒடியும். ஆதலால் பழைய ஏடு நைந்து போகுமுன் புதிய ஏட்டில் படியெடுப்பது முன்னோர் முறை. அவர்கள் காத்தது ஓலையை அன்று. ஓலையில் இருந்த சொல்லை. படியெடுக்கும் பழக்கம் அருகிய பின்னர், கட்டவிழ்க்காத சுவடிக்குச் சரசுவதி பூசையன்று பூவிட்டு வணங்கி மீண்டும் பெட்டகத்தில் வைத்த வீடுகள் பல. பக்தி குறையவில்லை, சுவடி மட்டும் உள்ளிருந்தே பொடியாயிற்று.

இந்நிலையில் 1822இல் நல்லூரிலே பிறந்தவர் ஆறுமுக நாவலர். 1849இல் அவர் சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் கொண்டு வந்தார். சுவடிகளை ஒப்புநோக்கித் திருத்தி, திருக்குறள் பரிமேலழகருரை முதலிய நூல்களைப் பதிப்பித்தார். சிறுப்பிட்டியிற் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை, ஏடுகளைத் தேடித் திரட்டி, 1881இல் வீரசோழியத்தையும், 1885இல் தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும், 1887இல் கலித்தொகையையும் அச்சேற்றினார். இப்பதிப்புகளுக்குப் பின்னே, தம் வீட்டுப் பெட்டகத்தைத் திறந்து ஏட்டை எடுத்துக் கொடுத்தவர்கள் இருக்கின்றனர். கொடுத்தவர் வீட்டில் ஒரு கட்டு ஓலை குறைந்தது. தமிழுலகுக்கு ஒரு நூல் நிலைத்தது.

கொடுத்தால் மட்டும் போதுமா என்னும் வினாவையும் வரலாறு எழுப்பியது. யாழ்ப்பாணப் பொது நூலகத்திற்குக் குடும்பங்கள் பல தம் நூல்களையும் ஏடுகளையும் நம்பிக்கையுடன் அளித்திருந்தன. 1981 மே 31 இரவில் தொடங்கிய வன்செயலில் அது தீக்கிரையாக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. அச்சேறியிருந்தவற்றை மீண்டும் தேடி வாங்க முடிந்தது. வேறு படியில்லாத ஏடுகள் சாம்பலோடு போயின.

1995 ஒக்டோபர் 30இல், போர் நெருங்கி வர, விடுதலைப் புலிகளின் அறிவித்தலின்படி வலிகாமத்து மக்கள் பல இலட்சம்பேர் செம்மணி வழியாகத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். நல்லூர் வீடுகளும் வெறுமையாயின. கையில் எடுக்கக்கூடியது ஒரு பை; அதனுள் எதை வைப்பது? காணி உறுதியும் பிறப்புச் சான்றும் முதலில் சென்றன. பெட்டகமும் படங்களும் பின்னே நின்றன. 1996இல் திரும்பியவர்களுட் பலர், வீடிருந்தும் பொருளில்லாமையைக் கண்டனர். நினைந்து பார்த்துக் கொடுப்பதற்கு முன்னரே காலம் பறித்துக்கொண்டது.

இன்று பிள்ளைகள் கடல் கடந்து வாழ, முதியவர் மறைய, பழைய நாற்சார் வீடுகள் விற்கப்படுகின்றன. அனைத்தையும் எவரும் சுமந்து செல்ல இயலாது. சுமக்க வேண்டுவதும் இல்லை. குத்துவிளக்கு ஏற்றுபவர் வீட்டுக்குப் போகட்டும். பெட்டகம் வேண்டுபவருக்குப் போகட்டும். ஏட்டையும் கடிதத்தையும் குடும்பப் படத்தையும் கைவிடுமுன், அவற்றில் உள்ளவர் இன்னார் என்று எழுதி, படியெடுத்து, ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் வைத்தல் வேண்டும். அச்சுநூல்களையும் ஏடுகளையும் மின்வடிவில் படியெடுத்து எவரும் படிக்க வழங்கும் ‘நூலகம்’ நிறுவனத்தின் பணி, 2005 முதல் இதற்கு வழி காட்டியுள்ளது.

காணியை விற்குமுன் உரித்தாளருக்கு அறிவி என்றது தேசவழமை. வீட்டுப் பெட்டகத்துக்கும் அவ்விதி பொருந்தும். அங்கே உரித்தாளர் இனிமேல் பிறக்கப் போகிறவர்களும் ஆவர்.