வீட்டுக்குள் வந்த விலங்குகள்



பொந்தியானில் ஒரு வீட்டு அலங்காரக் கடைக்குள் போய்ப் பாருங்கள். மெத்தையுறையில் பூநாரை, கோப்பையில் பூனை, திரைச்சீலையில் யானை, சுவர்ப்படத்தில் புலி. "விலங்கு உருவங்களால் வீட்டை அலங்கரிப்பது இக்காலப் புதுமை" என்று கட்டுரையில் எழுதத் தோன்றும். எழுதிவிடாதீர்கள். இது மிகப் பழைய பழக்கம்.

எவ்வளவு பழமை? இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில், ஒரு குகைச் சுவரில் காட்டுப்பன்றி ஓவியம் இருக்கிறது. அதன் வயது குறைந்தது 45,500 ஆண்டுகள் என 2021-இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். சிந்துவெளி முத்திரைகளில் அதிகமாகக் காணப்படுவது ஒற்றைக்கொம்பு விலங்கு. தமிழகத்துக்கு வந்தால், மாமல்லபுரத்துப் பெரும்பாறையில் 7-ஆம் நூற்றாண்டு யானைகள் நிற்கின்றன. சித்தன்னவாசல் குகைக்கோயில் விதானத்தில் தாமரைக் குளம். அதில் மீன், யானை, எருமை, பறவைகள்.

சரி, இவையெல்லாம் குகையும் கோயிலும்தானே, வீட்டில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்களா? உங்கள் வீட்டுக் குத்துவிளக்கின் உச்சியைப் பாருங்கள். அங்கே ஓர் அன்னம் இருக்கக்கூடும். கும்பகோணத்துக்கு அருகிலுள்ள நாச்சியார்கோயில் இவ்விளக்குகளுக்குப் பேர்போன ஊர். காவிரி வண்டல் மணலில் அச்சு எடுத்து, பித்தளையை உருக்கி ஊற்றி, அடிப்பாகம், தண்டு, அகல், உச்சி எனத் தனித்தனியாக வார்த்து, திருகி இணைக்கிறார்கள். காஞ்சிப் பட்டின் கரையில் மயிலும் அன்னமும் வரும். செட்டிநாட்டு வீட்டு நிலைக்கதவின் மேலே, இரு பக்கமும் யானைகள் நிற்கக் கஜலட்சுமி இருப்பாள்.

இந்த உருவங்களைச் சும்மா அழகுக்காக வைக்கவில்லை. பாலையும் நீரையும் பிரிக்கும் அன்னம் பகுத்தறிவுக்கு அடையாளம். யானை செழிப்புக்கு, மயில் முருகனுக்கு. நம் அண்டை வீட்டு மலாய்க்காரர்களின் மரச்செதுக்கலிலும் துணியிலும் செடிகொடி வடிவங்களே மிகுதி. இருந்தாலும் 'ஈத்தெக் பூலாங் பெத்தாங்' என்றொரு வடிவம் உண்டு. மாலையில் வரிசையாக வீடு திரும்பும் வாத்துகளைத்தான் வளைகோடாகச் சுருக்கியிருக்கிறார்கள். அதை ஒழுங்குக்கும் ஒற்றுமைக்கும் எடுத்துக்காட்டாகச் சொல்வார்கள்.

இன்றைய மாற்றம் இங்கேதான் இருக்கிறது. அன்று பொருள் அறிந்து வைத்தோம். இன்று பிடித்திருப்பதை வாங்குகிறோம். அதில் தவறில்லை. ஆனால் பொருள் மறந்தால், வீட்டில் விளக்கு இருக்கும், அதன் மேல் ஏன் அன்னம் என்று சொல்ல ஆள் இருக்காது.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஜொகூர் மாநிலச் சின்னத்தை இரண்டு புலிகள் தாங்குகின்றன. மலேசிய அரசுச் சின்னத்திலும் அப்படியே. ஆனால் காட்டில் எஞ்சியுள்ள மலாயாப் புலிகள் 150-க்கும் குறைவு என 2016 முதல் 2020 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பு காட்டியது. சுவரில் புலி பெருகுகிறது, காட்டில் அருகுகிறது. கட்டுரையின் முடிவுரைக்கு இந்த முரண் நல்ல கருத்து.

வகுப்பறைக்கு ஒரு சிறு பணி: மாணவர்கள் தங்கள் வீட்டில் விலங்கு உருவமுள்ள ஐந்து பொருள்களைக் குறித்து வரட்டும். ஒவ்வொன்றின் பொருளையும் தாத்தா பாட்டியிடம் கேட்டு எழுதட்டும். பதில் கிடைக்காத இடங்களையும் குறிக்கச் சொல்லுங்கள். எதை மறந்துகொண்டிருக்கிறோம் என்பதை அந்த வெற்றிடங்களே காட்டும்.